கல்லுக்குச் சுண்ணாம்பு அடிக்கிற பத்துமலை

ஞாயித்துக்கெழமை காலையில ஏழு மணிக்குப் பத்துமலை கல்லுக்குச் சுண்ணாம்பு அடிச்சிக்கிட்டிருப்பான். கோப்பெங் போற ரோட்டோரமா முழங்கால் உயரத்துல நிக்கிற எல்லைக்கல்லு அது. நாலு பக்கமும் அடிச்சு, தலையில ஒரு பூச்சு பூசி, முன்னால செதுக்கியிருக்கற ரெண்டு இங்கிலீசு எழுத்துக்கும் கரியைக் குழைச்சு மை தீட்டி, பத்தடி பின்னால போயி நின்னு பாப்பான். பக்கத்துல வாளி, தேங்கா மட்டையை நசுக்கிச் செஞ்ச பிரஷ்ஷு, சாக்குல சுத்தின ஒரு கடப்பாறை. சுண்ணாம்பு அடிக்கறவனுக்குக் கடப்பாறை எதுக்குன்னு யாரும் கேட்டதில்ல. கேட்டா சொல்றதுக்கு, "புல்லு மொளைக்குதுலா"ன்னு ஒரு பதிலை வருசக்கணக்கா வாயில வச்சிருந்தான்.

சைக்கிள்ல போறவன் சும்மா போகமாட்டான். "என்னண்ணே, மாப்பிள்ளையைக் குளிப்பாட்டி முடிச்சாச்சா?" பத்துமலை திரும்பமாட்டான். காய்கறிக் கூடையோட சந்தைக்குப் போற ஒரு சீனக் கெழவி மட்டும் கேலி பண்றதில்ல. இவ்வளவு வெள்ளையா ஒரு கல்லு இருந்தா அதுல சாமி இல்லாம இருக்குமான்னு ரெண்டு ஊதுபத்தியைக் கொளுத்தி அடியில குத்திட்டுப் போவா.

பேராவுல, ஈப்போவுக்குத் தெக்கால, ஈயத்தைத் தோண்டித் தோண்டிப் பாதி குட்டையாவும் மீதி கடைத்தெருவாவும் ஆன டவுனு பெக்கான் தீமா. அந்த டவுனுக்கு ஒரு பொம்பா இருக்கு. பொம்பான்னா தீயணைக்கற படை. படைன்னதும் பெரிசா நெனைச்சுக்க வேணாம். எட்டு ஆளு, ஒரு மணி, ஈப்போக்காரங்க போதும்டா சாமின்னு கழிச்சுவிட்ட ஒரு மோட்டார் இஞ்சின், ஒரு துரை. அவ்வளவுதான். நெருப்பை அணைக்கறது எட்டு ஆளு. அணைச்சதுக்குப் பேரு வாங்கறது துரை. இந்தப் படையில பத்துமலைக்கு இது ஏழாவது வருசம். சட்டைக் கையில ஒரு பட்டை, தலையில பித்தளைத் தொப்பி. தொப்பியைப் புளி போட்டு அவன் வெளக்கற வெளக்கைப் பாத்து அவன் பொண்டாட்டி செல்லாயி, "அதுக்கே தாலியக் கட்டியிருக்கலாம் இந்த மனுசன்"னு தெருவுக்கே கேக்கறாப்பல சொல்லுவா.

செல்லாயிக்கு இன்னொரு கொறையும் உண்டு. அவ அடுப்பு பத்த வச்சா, வெளியில உக்காந்திருக்கறவன் கொரலு வரும். "நடுவுல இருக்கறது ஈர வெறகு. உருவி எடு." அவ சட்டியை நங்குன்னு வைப்பா. "ஊரு நெருப்பைப் பாக்கத்தான் சம்பளம் குடுக்கறானுங்க. என் நெருப்பை வுட்டுரு." ஆனா வெறகு ஈரமாத்தான் இருக்கும். அவன் மூக்கு அப்படி. காத்துல புகை வந்தாப் போதும், தலையைத் தூக்கி, "இது அத்தாப்பு ஓலைக் கூரை"ம்பான். "இது சீனங்கடைப் பஞ்சு மெத்தை." "ஒண்ணுமில்ல, எவனோ பன்னி பொசுக்கறான், படுங்கலா." இதுவரைக்கும் அந்த மூக்கு தப்பினதில்ல.

அந்த மூக்கு படிச்ச பள்ளிக்கூடம் மூணாங்கட்டை தோட்டத்துப் புகைக்கூடு. டவுன்லேர்ந்து மூணாவது மைலு, அதனால மூணாங்கட்டை. ரப்பர் பாலை ஒறைய வச்சுத் தகடாக்கி, புகைக்கூட்டுல கொம்புக்குக் கொம்பு துணி மாதிரி தொங்கப்போட்டு, கீழ நெருப்பு வச்சுப் புகை போடணும். நெருப்பு எரிஞ்சா தகடு போச்சு. அணைஞ்சா பூசணம் பூத்துரும். அஞ்சு வருசம் பத்துமலை ஒரு நெருப்பை நல்லா வாழவும் விடாம, சாகவும் விடாம வச்சிருந்தான். கம்பெனி அவனை வச்சிருந்த மாதிரியே.

ஆயிரத்தித் தொள்ளாயிரத்தி இருபத்திரெண்டாம் வருசம் மேனேஜர் துரைக்கு அவசரம் வந்துருச்சு. ரெண்டு மடங்கு தகட்டைத் தொங்கப்போடச் சொன்னாரு. கொம்பு பத்தலைன்னா கீழ கீழ கட்டச் சொன்னாரு. "தொரை, இவ்வளவு கீழ கட்டினா பத்திக்கும்"னான் பத்துமலை. "மேனேஜர் நீயா, நானா?"ன்னு கேட்டாரு துரை. அந்தக் கேள்விக்கு மூணாம் நாள் புகைக்கூடே பதில் சொல்லிருச்சு.

மேனேஜர் டெலிபோன் எடுத்தாரு. டவுனு எல்லை ரோட்டுல இருநூறு கெஜம் முன்னாலயே முடிஞ்சிருது. இருந்தாலும் பொம்பா துரையும் தோட்டத்துத் துரையும் ஒரே கிளப்புல ஒரே மேசையில சீட்டு ஆடறவங்க. அதனால இஞ்சின் எல்லைக்கல்லைத் திரும்பிக்கூடப் பாக்காம ஓடி வந்துச்சு. இறங்கின எட்டு பேரு தலையிலயும் பித்தளைத் தொப்பி வெயில்ல மின்னிச்சு. நெருப்பைப் பாக்க வேண்டியவன் வாயைப் பொளந்துக்கிட்டுத் தொப்பியைப் பாத்தான். மறுநாள் கவனக்கொறைவுன்னு எழுதி அவனைத் தோட்டத்தைவிட்டுத் தொரத்தினாங்க.

ராக்காயிதான் அவனைக் கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போனவ. கூடப் பொறந்த அக்கா. ஆத்தா செத்ததுக்கப்புறம் அவனுக்குச் சோறு போட்டு ஆளாக்கினவ. பால் வெட்டற வேலையில தோட்டத்துலயே அவ கைக்கு ஈடு இல்லைன்னு பேரு. "நெருப்பு வச்சான்னு தொரத்தறானுங்க. அணைக்கறவன்கிட்டப் போயி வேலை கேப்போம், வாடா தம்பி"ன்னு மூணு மைலு நடத்திக் கூட்டிட்டுப் போனா.

பொம்பா ஆபீசுல ஞானசேகரம்னு யாழ்ப்பாணத்துக் கிளார்க்கு. இஸ்திரி கலையாத வெள்ளைக் கோட்டு, கலையாத முகம். பேரேட்டைத் திறந்து, "முந்தி என்ன வேலை பாத்தனீர்?"னு கேட்டாரு.

"நெருப்பு மூட்டற வேலைங்க."

பேனா நின்னுச்சு. "அதை இஞ்ச எழுதேலாது, காணும். கூலி எண்டு போடுறன்."

தீயணைப்பு வீரனா அவன் முதல் வருசத்துல அணைச்சது ரோட்டுப் புழுதியைத்தான். கிளப்புல டென்னிசு ஆடற புல்லுக்குத் தண்ணி, சந்தைச் சாக்கடைக்குத் தண்ணி, துரை வீட்டு ரோசாச் செடிக்குத் தண்ணி. நடுவுல டிரில்லு. மணி அடிச்சதும் பூட்ஸ மாட்டி, தொப்பியக் கவுத்து, இஞ்சின்ல தொத்தணும். துரை கடியாரத்தைப் பாத்து நிப்பாரு. பத்துமலை மொதல் ஆளா வரணும்னு பூட்ஸு போட்டுக்கிட்டே தூங்கிப் பாத்தான். செல்லாயி பாயைத் தனியா இழுத்துப் போட்டுக்கிட்டா.

நெசமான நெருப்பு வந்தப்போதான் ஆளு யாருன்னு தெரிஞ்சுது. சந்தைக்குப் பின்னால ஒரு சாக்குக் கிடங்கு. எல்லாரும் சன்னல்ல தெரிஞ்ச கொழுந்துக்குத் தண்ணி அடிச்சாங்க. பத்துமலை மூக்கைத் தூக்கி நின்னான். "கொழுந்தைப் பாக்காதீங்கலா, புகை எங்கேர்ந்து வருதுன்னு பாருங்க. கீழ்மாடியில இருக்கு." கீழ்மாடிக் கதவை உடைச்சு அடிச்சாங்க. அரை மணியில அடங்கிருச்சு. துரைக்கு ஈப்போவுலேர்ந்து பாராட்டுக் கடுதாசி வந்துச்சு. பத்துமலைக்குத் துரைகிட்டேர்ந்து, "வெரி குட்"னு ரெண்டு வார்த்தை வந்துச்சு. அவன் அதைச் செல்லாயிகிட்ட மூணு தரம் சொன்னான்.

இருபத்தாறாம் வருசம் மாசி மாசம், பகல் பன்னெண்டு மணிக்கு மணி அடிச்சுது. மூணாங்கட்டை லயத்துல நெருப்பு. லயம்னா கூலிங்க குடியிருக்கற வரிசை வீடு. எல்லாம் ஒரே அத்தாப்புக் கூரை. ஒரு கோடியில பத்தினா மறுகோடிக்குச் சொல்லி அனுப்ப வேண்டியதில்ல. இஞ்சின் பறந்துச்சு. எல்லைக்கல்லுகிட்ட வந்ததும் துரை கையைத் தூக்கினாரு. டிரைவர் பிச்சைமுத்து பிரேக்கை அழுத்தினான்.

"இதுக்கு மேல டவுன் கிடையாது"ன்னாரு துரை. "தோட்டத்துச் சொத்து. தோட்டம் பாத்துக்கட்டும்."

"தொரை, புகைக்கூடு எரிஞ்சப்போ போனோமுங்களே"ன்னான் பத்துமலை.

"அன்னிக்கு மேனேஜர் டெலிபோன் பண்ணினாரு. இன்னிக்கு யார் பண்ணினா?"

யாரும் பண்ணலை. மேனேஜர் ஈப்போவுக்குப் போயிருந்தாரு. ராக்காயி வீட்டுல டெலிபோன் வைக்கக் கம்பெனி மறந்துபோச்சு.

எட்டு பேரும் கல்லுக்கு இந்தப் பக்கம் வரிசையா நின்னாங்க. கையில பைப்பு இருந்துச்சு. ரோட்டோர ஈயக்குட்டையில தண்ணி இருந்துச்சு. இருநூறு கெஜத்துல நெருப்பு இருந்துச்சு. உத்தரவுதான் இல்ல. பத்துமலைக்கு ஒரு அடி எடுத்து வைக்கத் தெரியாமலா இருந்துச்சு? வச்சா தொப்பி போயிரும். திரும்பவும் கூலின்னு எழுதுவாங்க. அவன் பைப்பு மூக்கைப் புடிச்சுக்கிட்டு நின்னான். நல்லாவே நின்னான்.

பன்னெண்டு வீடு போச்சு. உசுரு போகலை. ராக்காயி பக்கத்து வீட்டுக் கெழவியை இழுத்து வெளியில போட்டா. அப்போ கூரை சரிஞ்சு அவ வலது கை மேல விழுந்துச்சு. மூணு விரலு ஒண்ணா ஒட்டிப்போச்சு. எரிஞ்ச கையைத் தண்ணியில வச்சிக்கிட்டு அவ ரோட்டைப் பாத்தா. வெயில்ல பித்தளைத் தொப்பி மின்னிச்சு.

அதுக்கப்புறம் அந்தக் கையால பால் வெட்டற கத்தியைப் புடிக்க முடியலை. கம்பெனி அவளைப் புல்லு வெட்டற கும்பல்ல போட்டு, கூலியைக் கொறைச்சு, பெருந்தன்மையா வேலையில வச்சிக்கிச்சு. பத்துமலைக்கு ரெண்டு மாசத்துல பதவி ஒசந்துச்சு. ஞானசேகரம் படிச்சுக் காட்டினாரு. "உத்தரவு மீறாத உறுதியான ஆள் எண்டு துரை எழுதியிருக்கிறார். பெரிய விசயம், காணும்." அந்தப் பட்டையைத் தைச்சுக்கிட்டு, ஒரு சீலையும் வாங்கிக்கிட்டு அக்காவைப் பாக்கப் போனான். அவ வாசலுக்கு வரலை. உள்ள இருந்தபடியே பக்கத்து வீட்டுக்காரிகிட்டச் சொன்னா. "யாருடி வந்திருக்கறது, கல்லா? கல்லு வீட்டுக்குள்ள வராதுடி. ரோட்டுலயே நிக்கச் சொல்லு."

அன்னியிலேர்ந்து லயத்துல அவன் பேரு கல்லு. அவனைத் தம்பின்னு கூப்பிட்டவ ஒருத்திதான். அந்த வாயும் மூடிக்கிச்சு.

எல்லையைத் தள்ளி வைக்கச் சொல்லித் தோட்டத்து ஆளுங்க மூணு மனு போட்டாங்க. முதல் மனுவுக்குப் பதில் இல்ல. ரெண்டாவதுக்கு, முதல் மனுவைப் பாக்கவும்னு பதில். மூணாவதுக்கு, கமிட்டி போட்டாச்சுன்னு பதில். அந்தக் கமிட்டி இன்னும் உக்கார நாற்காலி தேடிக்கிட்டிருக்கு.

பத்துமலை மனு எழுதலை. எழுதத் தெரியாது. ஒரு நாள் ஞானசேகரம் மேசைக்கு முன்னால போயி நின்னான்.

"ஐயா, எல்லை எல்லைங்கறாங்களே, அது எதுங்க?"

"கல்லுத்தான் எல்லை. கல்லுக்கு இஞ்சால நாங்கள், அங்கால அவங்கள்."

"கல்லு எங்க இருந்தாலுங்களா?"

"கல்லு எங்க போகும், காணும்?"

"அதுக்கில்லைங்க. புல்லு மறைச்சு, இஞ்சின் ஓட்டறவனுக்குக் கல்லு தெரியலைங்க. நான் லீவு நாள்ல சுண்ணாம்பு அடிச்சுடறேன்."

"அதுக்குச் சம்பளம் தரேலாது."

"வேணாங்க."

மூணு மனுவை முழுங்கின ஆபீசு, இந்த ஒண்ணுக்கு அன்னிக்கே அனுமதி குடுத்துச்சு.

ரெண்டு கையையும் அகல விரிச்சா ஒரு பாகம், அதாவது ரெண்டு கெஜம். ஞாயித்துக்கு ரெண்டு பாகம். மொதல்ல தோட்டத்துப் பக்கமா புதுக்குழி தோண்டுவான். கடப்பாறையால கல்லை நெம்பி, மார்போட அணைச்சுப் பெரட்டி, குழியில இறக்கி மண்ணு தள்ளி மிதிப்பான். பழைய குழியை மூடி, மேல புல்லுக்கரணையைப் பேத்துவந்து ஒட்டுவான். அப்புறந்தான் சுண்ணாம்பு. சீனக் கெழவி வாரத்துக்கு வாரம் சாமி நடக்கறதைப் பாத்தா. பயப்படலை. ஊதுபத்தி ரெண்டு நாலாச்சு. லயத்து ஆளுங்களும் பாத்தாங்க. வேலைக்குப் போற வழியில ராக்காயியும் பாத்தா. யாரும் வாயைத் திறக்கலை. அறுபது ஞாயிறு ஆச்சு. கமிட்டியால முடியாததைக் கடப்பாறை முடிச்சு, கல்லு லயத்து வாசலைத் தாண்டிப் போயி நின்னுச்சு. அதுக்கப்புறம் அவன் அதை நகத்தலை. சுண்ணாம்பு மட்டும் நிக்கலை.

இருபத்தெட்டாம் வருசம் திரும்பவும் மணி அடிச்சுது. மூணாங்கட்டை லயம், யாரோ ஒருத்தி அடுப்புலேர்ந்து கூரைக்குப் பொறி தாவிருச்சு. துரை கிளப்புல இருந்தாரு. பட்டை போட்டவன் பத்துமலைதான், அவன் சொல்றதுதான் உத்தரவு. பிச்சைமுத்து வழக்கம்போலக் கல்லைத் தேடிக்கிட்டே ஓட்டினான். கல்லு வந்துச்சு. பிரேக்கை அழுத்தினான். பாத்தா, எரியற லயம் அவனுக்கு இடது பக்கம், கல்லுக்கு இந்தப் பக்கம்.

"அண்ணே," தலையைச் சொறிஞ்சான், "இந்தக் கல்லு... நடந்திருச்சா?"

"கல்லுக்குக் காலு இருக்கா? பைப்பை எடுலா!"

ஈயக்குட்டையிலேர்ந்து தண்ணி இழுத்தாங்க. பத்துமலை கொழுந்துக்கு அடிக்கலை. பத்தாத கூரையை ரெண்டு வீட்டுக்குப் பிச்சுப் போட்டான், நெருப்புக்கு முன்னால காலி எடம் விட்டான், அப்புறம் அடிச்சான். ரெண்டே வீட்டோட நின்னுச்சு. ராக்காயி வீடு மூணாவது, பிச்ச கூரையோட தப்பிச்சுது. அவ வாசல்ல மொறத்தோட நின்னு அவனைப் பாத்துக்கிட்டிருந்தா. அவன் பைப்பைச் சுருட்டிக்கிட்டுப் போனான்.

"எல்லைக்கு உள்ளயோ, வெளியிலயோ? அதை முதல்ல சொல்லும்"னு கேட்டாரு ஞானசேகரம்.

"கல்லுக்கு இந்தப் பக்கந்தாங்க."

பொய்யில்ல. உள்ளன்னு எழுதினாரு. அந்த ஒரு வார்த்தை ஆபீசு ஆபீசா நடந்துச்சு. டவுனுக்குள்ள இருக்குன்னா வரி கட்டணுமேன்னு தோட்டத்துக்கு நோட்டீசு போச்சு. டவுனுக்குள்ள இருக்குன்னா சுகாதாரம் வேணுமேன்னு இன்ஸ்பெக்டர் வந்து, நாப்பது வீட்டுக்கு ஒரே கக்கூசுன்னு எழுதிட்டுப் போனாரு. பன்னெண்டு வீடு எரிஞ்சப்போ ஆடாத மேனேஜர், கக்கூசு கட்டச் சொன்னதும் கொதிச்சுப் போனாரு. மேப்பைக் கொண்டாந்து பொம்பா துரை மேசையில அடிச்சாரு. சர்வேக்காரங்க சங்கிலியோட வந்தாங்க. அளந்தாங்க. மேப்புல இருக்கற எடத்துக்கும் கல்லுக்கும் நடுவுல இருநூத்தி நாப்பது கெஜம்.

விசாரணை. சர்க்காரு கல்லை அசைச்சவனுக்கு வேலை போறது மட்டுமில்ல, ஜெயிலும் உண்டுன்னு துரை முதல்லயே சொல்லிட்டாரு. லயத்துலேர்ந்து சாட்சிக்கு ராக்காயியைக் கூட்டிவந்தாங்க. பத்துமலை பக்கம் ஒரு பார்வைகூடத் திருப்பாம அவ துரை முன்னால நின்னா. ரெண்டு வருசமா தம்பின்னு சொல்லாத வாயி. ஒரு வார்த்தை போதும், அவன் கதை முடிஞ்சுது. பத்துமலை கையிலிருந்த தொப்பியையே பாத்துக்கிட்டிருந்தான்.

"அந்தக் கல்லுங்களா?"ன்னா ராக்காயி. "நான் பொறந்ததுலேர்ந்து அங்கதான் இருக்கு."

அவ பொறந்தது சேலம் ஜில்லா.

துரை பத்துமலை பக்கம் திரும்பினாரு. "வாரா வாரம் சுண்ணாம்பு அடிச்சவன் நீ. கல்லு நகர்ந்தது உனக்குத் தெரியலையா?"

"நான் கல்லைத்தான் பாத்தேன் தொரை. ரோட்டைப் பாக்கலை."

ஞானசேகரம் எழுதறதை நிறுத்திட்டு, மேசை ஓரத்துல இருந்த அவன் வெரலைப் பாத்தாரு. "உமக்கு நகத்துக்குள்ள எல்லாம் சுண்ணாம்பு, காணும்." அவ்வளவுதான் சொன்னாரு. திரும்பவும் பேனாவைத் தொட்டு எழுதினாரு.

ஒரு கல்லை இத்தனை காலம் யாருமே பாக்கலைன்னு ஒத்துக்கறதைவிட, கல்லு மழையில நகர்ந்திருக்கலாம்னு முடிவு கட்டறது எல்லாருக்கும் சௌகரியமா இருந்துச்சு. அப்படியே கையெழுத்தாச்சு. இருநூத்தி நாப்பது கெஜம், அதுவும் மேட்டுப் பக்கமா தள்ளற மழை பேராவுல பெய்யும்னு சர்க்காரு ஏட்டுல இருக்கு. பத்துமலைக்கு வர இருந்த சார்ஜண்டு வேலை வரலை. உழைப்பாளி, மூளை கம்மின்னு துரை குறிச்சாரு. நின்னதுக்குப் பட்டை குடுத்த அதே பேனா. கல்லைப் பழைய எடத்துக்குத் தூக்கிட்டுப் போற வேலையும் அவனுக்கே வந்துச்சு. நாலு ஆளோட தூக்கிட்டுப் போனான். சர்வேக்காரங்க காட்டின எடத்துல நட்டான்.

போன ஞாயித்துக்கெழமை, ஏழு மணி. பத்துமலை பழைய எடத்துல கல்லுக்குச் சுண்ணாம்பு அடிச்சிக்கிட்டிருந்தான். கடப்பாறை கொண்டு வரலை. தோளு கொஞ்சம் எறங்கித்தான் இருந்துச்சு. சீனக் கெழவி, சாமி திரும்பி வந்துட்டதேன்னு கூடையை எறக்கி வச்சு ஊதுபத்தி தேடிக்கிட்டிருந்தா. தோட்டத்துப் பக்கத்துலேர்ந்து மண்வெட்டியைத் தோள்ல போட்டுக்கிட்டு ராக்காயி வந்தா. நின்னா. கல்லைப் பாத்தா, அவனைப் பாக்கலை. குனிஞ்சு, ஒட்டிப்போன மூணு விரலால கல்லுக்கு அடியில மண்ணைச் சொரண்டினா. ஒரு சாண் ஆழத்துக்குச் சொரண்டினா. கையைத் தட்டிக்கிட்டு நிமிந்தா.

"சிமிட்டி போடலைடா, தம்பி."

மண்வெட்டியைக் கல்லு மேல சாச்சு வச்சா.

பத்துமலை பிரஷ்ஷை ஒதறினான். சுண்ணாம்பு வாளியைத் தூக்கிட்டுப் போயி, தோட்டத்துப் பக்கமா ரெண்டு பாகம் தள்ளி வச்சான்.